பிள்ளைகளின் முகத்தை உரிக்காதீர்கள்



ஊர்ப் பெற்றோருக்கு, குறிப்பாக உம்மாமாருக்கு இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையில் ளுஹருக்கு வுழூச் செய்யும் பைப்படியில் போன தவணை முழுக்க ஒரே காட்சி. தரம் 10, 11 பிள்ளைகள் புத்தகப் பையில் சவர்க்காரப் பெட்டியும் கொண்டு வருகிறார்கள். இடைவேளைக்கு ஒருமுறை, விளையாட்டுப் பாடம் முடிய ஒருமுறை, வுழூவுக்கு முன் ஒருமுறை முகத்துக்குச் சவர்க்காரம். "மகன், ஒரு நாளைக்கு எத்தனை தரம் கழுவுற?" என்று ஒருவனிடம் கேட்டோம். விரல் விட்டு எண்ணி "எட்டு" என்றான். இரண்டு கன்னமும் காய்ந்து செதில் செதிலாக இருந்தது. நெற்றியில் பரு மட்டும் அப்படியே.

"ஊத்தை போகணும்தானே டீச்சர்" என்றான்.

பரு ஊத்தையால் வருவதில்லை. இதை முதலில் நாம் பெரியவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். அந்த வயதில் ஹோர்மோன் மாற்றத்தால் தோலுக்குள் எண்ணெய் கூடச் சுரக்கிறது, மயிர்த்துளை அடைபடுகிறது, அதற்குள் கிருமி பெருகி வீங்குகிறது. உரசி உரசிக் கழுவினால் உள்ளே இருக்கும் அடைப்புத் திறக்காது, மேல்தோல்தான் புண்ணாகும். "முகம் கழுவாத சோம்பேறி, அதுதான் பரு" என்று பிள்ளைக்கு ஏசுவதில் நியாயமும் இல்லை.

எங்கள் விஞ்ஞான ஆசிரியை ஒரு நாள் ஆய்வுகூடத்தில் பிள்ளைகளின் சவர்க்காரத்தையே தண்ணீரில் கரைத்து பி.எச். தாளை நனைத்துக் காட்டினார். தாள் கடும் நீலத்துக்குப் போய்விட்டது. நமது தோலின் மேற்பரப்பு இலேசான அமிலம், பி.எச். 5 அளவில். கட்டிச் சவர்க்காரம் பெரும்பாலும் 9, 10. ஒரு தரம் கழுவினால் தோல் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். எட்டுத் தரம் கழுவினால் அதற்கு நேரமே கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு கரையோர ஊர்களில் பல வீட்டுக் கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரில் நுரை வராது என்று இன்னும் கொஞ்சம் தேய்ப்பது வேறு.

வுழூ என்பது அப்படியான கழுவல் அல்லவே. முகத்தில் ஒருமுறை தண்ணீர் ஓடுவது பர்ளு, மூன்று முறை ஸுன்னத். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் தண்ணீரில் வுழூச் செய்ததாக ஹதீஸ்களில் வருகிறது. முத் என்றால் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவுதான். பைப்பை முழுதாகத் திறந்துவிட்டு முகத்தைத் தேய்க்கும் நமக்கு அதில் இரண்டு பாடம் இருக்கிறது, ஒன்று தண்ணீர் பற்றியது. ஐந்து வேளை வுழூச் செய்யும் பிள்ளையின் முகம் ஏற்கனவே ஐந்து வேளை தண்ணீர் காணும் முகம். அதற்கு மேல் ஐந்து வேளைச் சவர்க்காரம் எதற்கு?

இதுவாவது காய்ச்சலோடு போகும். மற்றது அப்படியல்ல.

எங்கள் மாணவி ஒருவர் இரண்டு கிழமையாக வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். வீட்டுக்குப் போனோம். ஜன்னலை மூடிக்கொண்டு இருந்தார். முகம் முழுக்கச் சிவந்து, சிறு இரத்த நாளங்கள் வெளியே தெரிய, வெயில் பட்டால் எரிகிறது என்றார். ராத்தாவின் கல்யாணத்துக்கு மூன்று மாதம் முந்தி ஒரு பென்சிக் கடையில் வாங்கிய வெள்ளைக் கிறீம். முதல் இரண்டு கிழமை முகம் பளிச்சென்று வந்ததாம், சொந்தக்காரர் எல்லோரும் புகழ்ந்தார்களாம். பிறகு பரு. நிறுத்தினால் எரிச்சல் கூடுகிறது என்று திரும்பப் பூசியிருக்கிறார். தோல் வைத்தியர் பார்த்து, ஸ்டெரொய்ட் கலந்த கிறீமின் வேலை என்றார். "நான்தான் டீச்சர் பூசச் சொன்ன" என்று உம்மா அழுதார். எங்களுக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை.

அந்த டப்பாவை நாங்கள் பார்த்தோம். செய்தவர் பெயர் இல்லை, இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, காலாவதித் திகதி இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு சொல் இல்லை. குளோபெற்றசோல், பீற்றாமெதசோன் போன்றவை வைத்தியர் அளவு பார்த்து, நாள் பார்த்துத் தரும் மருந்துகள். தோலை மெலிய வைக்கும். சில கிறீம்களில் பாதரசமும் இருக்கும், அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஒரு கிலோ கிறீமில் ஒரு மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கும் அழகு சாதனங்களை 2020 உடன் நிறுத்த வேண்டும் என்று மினமாட்டா உடன்படிக்கை சொன்னது. இலங்கையும் அதில் சேர்ந்த நாடு. ஆனாலும் பெயர் இல்லாத டப்பா கடைக்கு வந்து சேர்ந்துவிடுகிறதே.

ஒரு விடயம் மனதை உறுத்துகிறது. "இந்தக் கிறீம் பூசினால் வுழூ கூடுமா?" என்று மௌலவிமாரிடம் கேட்கிறோம். நல்ல கேள்விதான். இதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. மேடையில் பிலால் (ரழி) அவர்களைப் பற்றிக் கண்கலங்கப் பேசுகிறோம், பெண் பார்க்கப் போய் வந்தால் வீட்டில் முதல் கேள்வி நிறம். அந்தப் பிள்ளை டப்பாவைத் தேடிப் போனது அந்தக் கேள்வி காதில் விழுந்துதான்.

சரி, முகத்துக்கு என்னதான் செய்வது? அதிகமில்லை. காலையில் ஒருமுறை, இரவு படுக்க முன் ஒருமுறை, வாசனை குறைந்த மென்மையான பேஸ்வொஷ் கடலை அளவு போதும். விரல் நுனியால், சாதாரணத் தண்ணீரில். விளையாடி வியர்த்தால் இன்னொரு முறை. மற்ற வுழூவெல்லாம் வெறும் தண்ணீர். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், துவாய் அவரவருக்கு வேறாக இருக்கட்டும். முகம் இழுத்துப் பிடித்தால் ஈரம் காயுமுன் வாசனையில்லாத மொய்ஸ்சரைசர் கொஞ்சம். விலை கூடியது தேவையில்லை.

நெற்றியோரம் மட்டும் பரு வந்தால் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் வழிகிறதா என்று பாருங்கள். வியர்த்த ஹிஜாபை மறுநாளும் கட்டுவதும் ஒரு காரணம். தேசிக்காய்ச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போக வேண்டாம், தோல் வெந்து கறுத்துப் போகும். பற்பசையும் வேண்டாம். உம்மம்மாமார் பயற்றம் மா பூசினார்கள்தான், ஆனால் அரித்த மாவை, மெதுவாக, எப்போதாவது. நாம் அதையும் கல்லு மாதிரித் தேய்க்கிறோம்.

பரு வலித்து, வீங்கி, தழும்பு விழத் தொடங்கினால் அரசாங்க ஆஸ்பத்திரி தோல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள், காசு செலவில்லை. ஏற்கனவே அப்படியான கிறீம் பூசிக்கொண்டிருப்பவர்கள் வெட்கப்படாமல் டப்பாவையும் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள். பெயர் விபரம் இல்லாமல் விற்கும் கடை பற்றி நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம்.

அந்த மாணவி திரும்ப வருகிறார், அல்ஹம்துலில்லாஹ். முகம் இன்னும் முழுதாகத் தேறவில்லை. நிழல் பக்கக் கதிரை கேட்டார், மாற்றிக் கொடுத்திருக்கிறோம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கும் கிறீம் டப்பாவைக் கையில் எடுத்து வாருங்கள். விஞ்ஞான ஆசிரியையும் இருப்பார், லேபலைச் சேர்ந்து வாசிப்போம். வாப்பாமாரும் வரலாம்.

வஸ்ஸலாம்.