மாடலைத் திருப்பிப் பிடியுங்கள்

பழைய பித்தளை டிராம் மாடல்கள் கைமாறும்போது பயணிகள் வண்டிக்குப் பெயர் தவறுவது அரிது. ஜன்னல்களின் எண்ணிக்கை, கூரையின் வளைவு, படிகளின் இடம் இவற்றைக் கொண்டே எந்த ஊர் வண்டி என்று நம்மில் பலர் சொல்லிவிடுவோம். பராமரிப்பு வண்டி வந்தால்தான் தடுமாற்றம். பனி பெருக்கும் வண்டி சரக்கு இன்ஜின் ஆகிவிடுகிறது. தெருப்புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்த வண்டி எண்ணெய் டாங்கர் ஆகிவிடுகிறது. அட்டைப்பெட்டி மேல் ஒருமுறை ஏறிவிட்ட பெயரை அடுத்து வாங்குபவர் சந்தேகிப்பதும் இல்லை.

அந்த வண்டிகள் உருவான விதமே இதற்குக் காரணம். அமெரிக்க டிராம் நிறுவனங்கள் பயணிகள் வண்டிகளை பிலடெல்பியாவின் பிரில் போன்ற கம்பெனிகளிடம் தொகுதி தொகுதியாக வாங்கின. பராமரிப்பு வண்டிகளிலும் அப்படி விற்பனைக்கு வந்தவை உண்டு: மெக்குவயர்-கம்மிங்ஸ் செய்த பனி பெருக்கிகள், ஓஹையோவின் ஃபின்ட்லே ஊரில் டிஃபரன்ஷியல் கம்பெனி செய்த, இருபுறமும் சாய்த்துக் கொட்டும் வண்டிகள். ஆனால் ஏராளமானவை, வயதான பயணிகள் வண்டியின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு அந்தந்த நிறுவனம் தன் பணிமனையிலேயே உருமாற்றியவை. கனடாவின் டொரன்டோவிலும் பி.சி.சி. வகைப் பயணிகள் டிராம்களே பின்னாளில் தண்டவாளம் தேய்க்கப் போயின. ஆகவே மேல்கூட்டைப் பார்த்தால் வண்டி முன்பு என்னவாக இருந்தது என்பதுதான் பல நேரம் தெரியும். என்ன வேலை செய்தது என்பது அடிப்பாகத்தில் இருக்கிறது.

அதிகம் குழப்புவது பனி பெருக்கிதான். அதன் வழக்கமான வடிவத்தில் நடுவில் நான்கு சக்கரங்களைத் தாங்கும் அடிவண்டி (ட்ரக்) ஒன்று. இரு முனைகளிலும் சக்கரங்களைத் தாண்டி நீளும் சட்டம். சட்டத்தின் அடியில் தண்டவாளத்துக்குக் குறுக்கே சாய்ந்து கிடக்கும் உருளைத் துடைப்பம். அதன் நார் பிரம்பு. தனி மோட்டார் ஒன்று சங்கிலி வழியாக அதைச் சுழற்றும். மாடலில் முதலில் தொலைவது இந்தத் துடைப்பங்களே. அவை போனபின் எஞ்சுவது ஒரு பெட்டி உடலும், எதற்கென்று புரியாத நீண்ட முனைகளும்தான். அப்படியொரு 'சரக்கு இன்ஜின்' கையில் கிடைத்தால் சட்டத்தின் அடியில் மூலைவாக்கில் அமைந்த தாங்கிகளையோ அவை இருந்த சாலிடர் தழும்புகளையோ தேடுங்கள். புதுத் துடைப்பம் பொருத்துவோருக்கும் ஒரு வார்த்தை. இரட்டைப் பாதைத் தெருவில் எந்த முனை முன்னால் போனாலும் பனி வண்டியின் வலப்பக்கம், அதாவது தெருவோரம் விழ வேண்டும். அதனால் மேலிருந்து பார்த்தால் இரண்டு துடைப்பங்களும் ஒன்றுக்கொன்று இணையாகச் சாய்ந்திருக்கும். எதிரெதிராகச் சாய்த்துப் பொருத்தினால் ஒருபக்க ஓட்டத்தில் பனி எதிர்வண்டியின் பாதையில் போய் விழும்.

தண்டவாளம் தேய்க்கும் வண்டியில் சக்கரங்களுக்கு நடுவே தொங்கும் தேய்ப்புக் கற்களைக் காந்த பிரேக் என்று நினைத்துவிடுவார்கள். இரண்டும் இருக்கும் இடம் ஒன்றே. கல்லை இறக்கி அழுத்தும் திருகோ காற்று உருளையோ தெரிகிறதா, தூசியையும் பொறியையும் அடக்கத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி வண்டிகளில் குழாய்முனை பக்கவாட்டில் திரும்பியிருந்தால் அது தெருவுக்கானது. பாதையை நோக்கிக் கீழே திரும்பியிருந்தால் களைக்கொல்லி தெளிப்பதாக இருக்க வாய்ப்பு அதிகம். மேல்கம்பியைப் பழுதுபார்க்கும் வண்டியில் கோபுரம் போய்விட்டிருந்தால் கூரைத் துளைகள் அதைக் காட்டிக்கொடுக்கும்.

சக்கர இடைவெளியை வைத்து ஊரைத் தீர்மானிப்பவர்கள் நிதானிக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் ரயில்வேயின் பாதை 1067 மி.மீ.; 1:87 அளவில் அது ஏறக்குறைய 12 மி.மீ. பால்டிமோரின் 1638 மி.மீ. பாதை அதே அளவில் 19 மி.மீ.க்குச் சற்றே குறையும். ஆனால் தயாரிப்பாளர்கள் எல்லா ஊர் வண்டிகளையும் 16.5 மி.மீ. பாதைக்கே செய்து விற்பது வழக்கம். எனவே 16.5 எதையும் நிரூபிக்காது. 12 இருந்தால் மட்டும் அது நல்ல துப்பு.

ஐயம் தீராத மாடலுக்கு மறுபடி வண்ணம் பூசாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறோம். சாலிடர் தழும்பு, அடைபட்ட துளை, பழைய எண்ணின் நிழல் எல்லாம் முதல் மெருகேற்றத்திலேயே அழிந்துவிடும். முதலில் அடிப்பாகத்தைப் படமெடுங்கள். மெய்யான வண்டிகள் இன்னும் இருக்கின்றன: மேய்ன் மாநிலத்தில் 1939-இல் தொடங்கிய சீஷோர் டிராம் அருங்காட்சியகத்திலும், இல்லினாய் மாநில யூனியன் ஊர் ரயில் அருங்காட்சியகத்திலும், லாஸ் ஏஞ்சலஸ் பணிவண்டிகளுக்குக் கலிபோர்னியாவின் பெரிஸிலும். பக்கவாட்டுப் படத்தோடு நிறுத்தாமல், சட்டத்தையும் சக்கரத்தையும் காட்டும் படங்களோடு ஒப்பிடுங்கள்.

இந்த இதழ் முதல் எங்கள் அடையாளப் பகுதிக்கு அனுப்பும் மாடல்களுக்கு அடிப்பாகப் படம் கட்டாயம், பக்கத்தில் மி.மீ. அளவுகோல் ஒன்றும் இருக்கட்டும். வேலை தெரிந்து ஊர் தெரியாவிட்டால் 'பனி பெருக்கி, நான்கு சக்கரம், ஊர் உறுதியில்லை' என்றே அச்சிடுவோம்.