காலாவதியான சான்றிதழும் திறக்கப்படாத உறையும்

 

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் பயணம் செய்வோரின் கண்களில் படுபவை பெரும் ஆலைகளே. எங்கள் மறைமலை நகர்த் தொழிற்பேட்டையின் உட்தெருக்களில், இரண்டு மூன்று லேத் இயந்திரங்களும் எட்டுப் பத்துத் தொழிலாளர்களுமாக இயங்கும் சிறு பட்டறைகளை எவரும் நின்று பார்ப்பதில்லை. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022இல் இங்குள்ள ஆலையிலிருந்து கடைசிக் காரை வெளியே அனுப்பியபோது, அந்த உட்தெருக்களில் பல வீடுகளின் அடுப்பும் தணிந்தது. பெரிய ஆலையின் ஆர்டரை மட்டும் நம்பியிருந்த சிலர், அதன்பின் அரசு டெண்டர்களின் பக்கம் திரும்பினார்கள்.

மதரஸாவில் பாடம் சொல்லிக் கொடுப்பவருக்கு டெண்டரைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். பி.ஏ. பட்டம் பெற்ற குற்றத்திற்காக, இவ்வூரில் எவருக்கு ஆங்கிலக் காகிதம் வந்தாலும் அது என் மேசைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது! அப்படித்தான் என் மாணவன் ஒருவனுடைய அத்தாவும் ஒரு காகிதத்தோடு வந்தார். ஓர் அரசு நிறுவனத்திற்கு இரும்புத் தாங்கிகள் செய்து தரும் ஒப்பந்தத்திற்கு அவர் விண்ணப்பித்திருந்தார். சிறுதொழில் பதிவுச் சான்றிதழை இணைத்து, முன்வைப்புத் தொகை கட்டுவதிலிருந்து விலக்குக் கோரியிருந்தார். அச்சான்றிதழோ, ஒப்பந்தப்புள்ளி முடிவடையும் நாளுக்குப் பதினொரு நாள் முன்பே காலாவதியாகியிருந்தது. தகுதி உறையிலேயே அவரைத் தள்ளிவிட்டார்கள்.

“பதினொரு நாள்தானே ஹஜ்ரத்! என் விலை என்னவென்று உறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லையே. குறைந்த விலையை விட்டுவிட்டால் நஷ்டம் அரசுக்குத்தானே? இது நியாயமா?”

கேட்பதற்கு நியாயம் போலவே தோன்றுகிறது. எனினும் இதே வினாவின் மறுபக்கத்தை 1979இல் நம் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்திருக்கிறது. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்த 1977 ஜனவரியில் ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். ஐந்தாண்டு அனுபவமுள்ள, பதிவு பெற்ற இரண்டாம் வகுப்பு ஓட்டல்காரராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாதம் 6,666 ரூபாய் 66 காசு தருவதாக மிக உயர்ந்த தொகை குறிப்பிட்டவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது. அவரோ சிற்றுண்டிச்சாலைகளை நடத்தியவர். அத்தகைய ஓட்டல்காரர் அல்லர். ரமணா தயாராம் ஷெட்டி என்பவர் வழக்குத் தொடுத்தார்.

ஷெட்டி ஒப்பந்தப்புள்ளியே கொடுக்கவில்லை. அந்தத் தகுதியும் அவரிடம் இல்லை! “இந்த நிபந்தனையைத் தளர்த்துவீர்கள் என்று தெரிந்திருந்தால் நானும் விண்ணப்பித்திருப்பேனே” என்பதே அவருடைய வாதம். நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு அக்கொள்கையை ஏற்றது. அரசு தானே வகுத்த தகுதி அளவுகோலுக்கு அரசே கட்டுப்பட்டது. அதை மீறி ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டினால் அது சமத்துவத்திற்கு விரோதம் என்றது.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். நம் அத்தாவின் பதினொரு நாளை அதிகாரி பொறுத்துக்கொண்டிருந்தால் பாதிக்கப்படுபவர் யார்? நிபந்தனையை நம்பி, ‘என் சான்றிதழ் முடிந்துவிட்டது, நமக்கு இது இல்லை’ என்று வீட்டிலேயே இருந்துவிட்ட மற்றொரு பட்டறைக்காரர். அவருடைய உறை அந்த மேசைக்கே வரவில்லை. அவருக்காகப் பேச அங்கே ஒருவரும் இல்லை. இதைச் சொன்னபோது வந்தவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆயினும் எல்லா நிபந்தனைகளும் ஒரே எடையுடையவை அல்ல. வாரணாசி டீசல் இன்ஜின் தொழிற்சாலை தொடர்பான பொத்தார் ஸ்டீல் வழக்கில், முன்வைப்புத் தொகையை ரொக்கமாகவோ ஸ்டேட் வங்கி வரைவோலையாகவோ தர வேண்டும் என்றிருக்க, ஒருவர் யூனியன் வங்கியின் காசோலையை, அவ்வங்கியே சான்றளித்ததை வைத்தார். பணம் பாதுகாப்பாக இருக்கிறது. இது துணை நிபந்தனைதான், தளர்த்தலாம் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஆக, அடிப்படைத் தகுதி வேறு, அதை நிறைவேற்றும் வழிமுறை வேறு. காலாவதியான பதிவு இவற்றுள் எதில் சேரும் என்பதை அந்தந்த ஒப்பந்த ஆவணத்தின் வாசகமே தீர்மானிக்கிறது. என் கருத்தில், விலக்குக்கு ஆதாரமாக வைத்த சான்றிதழே இறந்துவிட்டால் விலக்கும் இறந்துவிடுகிறது. அந்தத் தொகையை மற்றவர்களைப் போல் கட்டியிருந்தால் அவருடைய உறை திறக்கப்பட்டிருக்கும்.

அமெரிக்காவிலும் இதே வம்புதான். அங்கே அரசு ஒப்பந்ததாரர்கள் ஒரு மையப் பதிவேட்டில் ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2023இல் மிரிடியன் என்ற நிறுவனம், தன்னை வென்ற போட்டியாளரின் பதிவு விண்ணப்பத்திற்கும் ஒப்பந்தம் வழங்கியதற்கும் நடுவே அறுந்திருந்ததைச் சுட்டிக்காட்டி வழக்கில் வென்றது. இடைவெளியின்றிப் பதிவு தொடர வேண்டும் என்று விதியின் வாசகம் இருந்ததே காரணம். பிறகு 2024 நவம்பரில் அந்த விதியையே திருத்தி, விண்ணப்பிக்கும்போதும் ஒப்பந்தம் வழங்கும்போதும் பதிவு இருந்தால் போதும் என்றாக்கினார்கள். கடுமையான விதியை அனைவருக்கும் பொதுவாகத் திருத்துவது நேர்மை. ஒருவருக்காக மட்டும் கண்ணை மூடிக்கொள்வது வேறு.

“சரி ஹஜ்ரத், வென்றவருடைய சான்றிதழ் உயிரோடுதான் இருந்ததா என்று யார் பார்த்தார்கள்?” என்று அவர் அடுத்துக் கேட்டார். இது கேட்க வேண்டிய கேள்வி; கேட்பதற்குச் சட்டமும் வழி வைத்திருக்கிறது. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, ஏற்பு அதிகாரியின் உத்தரவால் பாதிக்கப்பட்டவர், அது கிடைத்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். பத்தே நாட்கள்! உறவினரிடம் புலம்பி, வக்கீலைத் தேடி, ஊர்ப் பெரியவரைப் பார்ப்பதற்குள் அது ஓடிவிடும். தாமதத்திற்கு நீதிமன்றமும் இரங்குவதில்லை. மேலே சொன்ன ஷெட்டி, கொள்கையில் வென்றும் நிவாரணம் பெறவில்லை. ஐந்து மாதங்களுக்கும் மேல் காத்திருந்து வழக்குப் போட்டதும், அதற்குள் எதிர்த்தரப்பு பெருந்தொகை செலவிட்டுவிட்டதும், உண்மையில் வேறொருவருக்காகவே அவர் வந்தார் என்று நீதிமன்றம் கருதியதும் அவருக்குத் தடையாயின. நம் அத்தா ஆறாம் நாளே எழுத்து மூலம் விவரம் கேட்டார். வென்றவரின் சான்றிதழ் நடப்பில் இருந்ததாகப் பதில் வந்தது. அத்துடன் விட்டுவிட்டார்.

இனி, பெட்டியில் கிடக்கும் காகிதங்களைப் பற்றி. கொடுக்கல் வாங்கலையும் அதன் தவணையையும் எழுதி வைக்கும்படி பணிக்கப்பட்ட சமுதாயம் நாம்; நம் வீடுகளில் அக்காகிதங்கள் கிடக்கும் கோலத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. கணக்குப் பார்க்கத் தெரிந்த சகோதரிகள் இப்பொறுப்பை ஏற்றால் பட்டறை பிழைக்கும். தேசியச் சிறுதொழில் கழகத்தின் பதிவு இரண்டாண்டுகளுக்கே செல்லும். பழைய உத்யோக் ஆதார் 2022 ஜூன் 30உடன் முடிந்துவிட்டது. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பவர்களை இன்றும் காண்கிறேன். அதற்குப் பதிலாக 2020 ஜூலை முதல் வந்த உத்யம் பதிவுக்குப் புதுப்பித்தல் கிடையாது. ஆனால் வருமான வரி, ஜி.எஸ்.டி. விவரங்களை ஆண்டுதோறும் அதில் சேர்க்க வேண்டும். அப்பதிவுக்கு அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. ‘கட்டணம்’ என்று ஆயிரக்கணக்கில் கறக்கும் தரகர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மின்னணு டெண்டருக்குத் தேவையான டிஜிட்டல் கையொப்பம் ஒன்று பெரும்பாலோர் கவனத்தில் வருவதில்லை. அதற்கும் ஆயுள் உண்டு. அதிகம் போனால் மூன்றாண்டு. கடைசி நாள் மாலையில் அது காலாவதியானது தெரிந்தால் ஒப்பந்தப்புள்ளியைப் பதிவேற்றவே முடியாது. பதிவேற்றாதவருக்கு எதிராக உத்தரவும் பிறக்காது. மேல்முறையீடு செய்ய அந்தப் பத்து நாட்களும் அவருக்கு இல்லை. அதன் முடிவுத் தேதியை இன்றே பார்த்து, ஒரு மாதம் முன்னதாகவே புதியதற்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.