ஆய்வுக்கூடத்துக்குப் போகும் வழி எங்கே அடைபடுகிறது?

1942 அக்டோபரில் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் லின்லித்கோவிடம் ஒரு மனு கொடுத்தார். அப்போது அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். பட்டியல் சாதி மக்களின் குறைகளை வரிசைப்படுத்திய அந்த மனுவில், கல்விக்காக அவர் கேட்டது நம்மில் பலருக்குத் தெரியாது. கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் மட்டும் நம் மக்களைப் பெரிதாக உயர்த்திவிடாது, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்நிலைக் கல்வி வேண்டும் என்பது அவர் வாதம். அவர் சும்மா கேட்கவில்லை, கணக்குப் போட்டுக் கேட்டார். உள்நாட்டில் அறிவியல், தொழில்நுட்பம் படிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய், வெளிநாடு சென்று படிப்பவர்களுக்கு 1 லட்சம் ரூபாய். இதைக் கேட்டவரே சட்டமும் பொருளாதாரமும் படித்தவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இன்று நாம் கல்லூரி உதவித்தொகை என்று வாங்கும் போஸ்ட் மெட்ரிக் திட்டம் 1944-ல் தொடங்கியது. 80 ஆண்டுகள் ஓடிவிட்டன. நம் ஊர்களில் பி.எஸ்சி. முடித்த பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். எம்.எஸ்சி. முடித்தவர்களும் உண்டு. ஆனால் ஆய்வுக்கூடத்தில் நின்று ஆராய்ச்சி செய்யும் நம் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த வழி எங்கே அடைபடுகிறது என்று பார்ப்போம்.

எண்ணிக்கை சொல்லும் செய்தி

மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் பட்டியல் சாதிக்கு 15 சதவீதமும் பழங்குடிக்கு 7.5 சதவீதமும் ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். 2015 முதல் 2019 வரை ஐ.ஐ.டி.களில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்க்கப்பட்டவர்கள் சுமார் 25,000 பேர். அவர்களில் பட்டியல் சாதியினர் 9.1 சதவீதம், பழங்குடியினர் 2.1 சதவீதம். இது நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு. சட்டப்படி நமக்குச் சேர வேண்டியதில் அந்த ஐந்து ஆண்டுகளில் மட்டும் பட்டியல் சாதியினருக்குச் சுமார் 1,475 இடங்களும் பழங்குடியினருக்குச் சுமார் 1,350 இடங்களும் கிடைக்கவில்லை.

கேட்டால், தகுதியானவர்கள் விண்ணப்பிக்கவில்லை என்பார்கள். இளங்கலைச் சேர்க்கையில் இந்தப் பேச்சு எடுபடுவதில்லை. அங்கே ஒரே கலந்தாய்வு நடக்கிறது, மதிப்பெண் பட்டியல் வெளியாகிறது, எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. முனைவர் பட்டச் சேர்க்கை அப்படியில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் நெறியாளராக இருக்கலாம். எந்த ஆசிரியரிடம் எத்தனை இடம் காலி, இந்த ஆண்டு எத்தனை பேரை எடுப்பது என்பதைத் துறைகளே முடிவு செய்கின்றன. நேர்காணலில் சிலர் உட்கார்ந்து பேசி ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இடத்தை எண்ணிக் காட்டினால்தான் இடஒதுக்கீடு வேலை செய்யும். எண்ணாமல் விட்டால் அது ஏட்டில்தான் இருக்கும்.

சட்டமே விட்டுக்கொடுத்த நிறுவனங்கள்

இன்னொரு செய்தியும் பலருக்குத் தெரியாது. மத்தியக் கல்வி நிறுவனங்களில் சேர்க்கைக்கான இடஒதுக்கீட்டுச் சட்டம் 2006-ல் வந்தது. அதன் 4-ஆம் பிரிவு சில ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு விலக்கு அளித்து, அவற்றின் பெயர்களை அட்டவணையில் சேர்த்தது. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரின் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் ஆகியவை அதில் உள்ளன. ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்பு நிறுவனங்களும் உள்ளன. அந்த உறுப்பு நிறுவனங்களில் இரண்டு நம் மண்ணிலேயே இருக்கின்றன: சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம்.

நாட்டின் உயர்ந்த அறிவியல் நடக்கும் இடங்கள் இவை. இங்கே சேர்க்கையில் ஒதுக்கீடு தரும்படி இந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சிறப்பான ஆராய்ச்சிக்கும் சமூக நீதிக்கும் ஒத்துவராது என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்தது போல இருக்கிறது இது. எல்லா மக்களின் வரிப்பணத்திலும் நடக்கும் நிறுவனத்துக்கு இந்த விலக்கு எதற்கு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. நம் மாநில நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும்.

பணம் எவ்வளவு, எப்போது?

பட்டியல் சாதி ஆய்வாளர்களுக்கு மத்திய அரசின் தேசிய ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கிய திட்டம் இது. ஆண்டுக்கு 2,000 பேருக்குப் புதிதாகக் கொடுக்கிறார்கள். அதில் 1,500 கலை, சமூக அறிவியலுக்கு. அறிவியலுக்கு 500 மட்டுமே. அறிவியல்தான் வேண்டும் என்று 1942-ல் அம்பேத்கர் கேட்டார். இன்று நாடு முழுவதற்கும் சேர்த்து அறிவியலுக்குக் கிடைப்பது நான்கில் ஒரு பங்கு.

இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். கிராமத்துப் பிள்ளைக்கு இது பெரிய தொகை. ஆனால் தொகை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, மாதாமாதம் கைக்கு வர வேண்டும். ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா 2016 ஜனவரியில் இறந்தபோது, அவருக்கு 7 மாத உதவித்தொகை பாக்கி இருந்தது. பணக்கார வீட்டுப் பிள்ளை ஏழு மாதம் தாங்குவான். வீட்டுக்கும் சேர்த்துப் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளை ஒரு மாதம்கூடத் தாங்க முடியாது.

தமிழ்நாடு அரசு முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுக்கிறது. முன்பு 50,000 ரூபாயாக இருந்ததை இரட்டிப்பாக்கியது நல்ல காரியம். மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர்களை மத்திய அரசு பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. அவர்களுக்கு மாநில அரசின் உதவிதான் வழி. ஆனால் 1 லட்சத்தை மாதக் கணக்கில் பார்த்தால் 8,333 ரூபாய். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்த பிறகு வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும்?

இடையில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் இளங்கலையோடு முடிந்துவிடுகின்றன. ஆய்வு உதவித்தொகை முதுகலைக்குப் பிறகுதான் தொடங்கும். நடுவில் உள்ள இரண்டு ஆண்டுகளில்தான் அண்ணன் வேலைக்குப் போகிறான், தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். நம் பிள்ளைகளின் அறிவியல் படிப்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது.

நெறியாளர் என்ற வாசல்

இடமும் பணமும் கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. அறிவியல் ஆய்வில் நெறியாளர் இல்லாமல் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. கருவி அவரிடம் இருக்கிறது, கையெழுத்து அவரிடம் இருக்கிறது, பரிந்துரைக் கடிதமும் அவரிடம்தான் இருக்கிறது. சேலம் மாவட்டத்திலிருந்து இயற்பியல் ஆய்வுக்காக ஐதராபாத் பல்கலைக்கழகம் போனவர் செந்தில்குமார். பன்றி வளர்த்துப் பிழைக்கும் சமூகத்திலிருந்து அவ்வளவு தூரம் போன பிள்ளை அவர். அவருக்கு நெறியாளர் ஒதுக்கப்படவில்லை. உதவித்தொகைச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. 2008-ல் அவர் உயிரை இழந்தோம். சேர்த்துக்கொண்டதோடு கடமை முடிந்தது என்று ஒரு நிறுவனம் நினைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. அங்கே நாஷ்வில் நகரில் கறுப்பின மக்களுக்காக உருவான ஃபிஸ்க் பல்கலைக்கழகமும், பக்கத்திலேயே இருக்கும் வசதியான வாண்டர்பில்ட் பல்கலைக்கழகமும் 2004-ல் ஒரு பாலம் போட்டன. மாணவர் ஃபிஸ்க்கில் முதுகலை படிப்பார். படிக்கும்போதே வாண்டர்பில்ட்டின் ஆய்வுக்கூடத்தில் வேலை பழகுவார், அங்குள்ள பேராசிரியர்களும் அவருக்கு வழிகாட்டுவார்கள். முதுகலை முடிந்ததும் முனைவர் பட்டத்துக்கு அங்கே போவார். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஆளை எடை போடாமல், வேலையைப் பார்த்து எடை போட்டார்கள். இது பெரிய மந்திரமல்ல. நம் மாவட்ட அரசு கலைக் கல்லூரிக்கும் தரமணிக்கும், கல்பாக்கத்துக்கும், சென்னை ஐ.ஐ.டி.க்கும் இடையே இப்படி ஒரு பாலம் போட முடியாதா?

கேட்க வேண்டியவை

இதற்குப் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 2024-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. மக்கள்தொகைக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த நிதியிலிருந்து எம்.எஸ்சி. படிக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு மாத உதவி தரலாம். மாநில ஊக்கத்தொகையை மத்திய அரசின் தொகைக்கு அருகிலாவது கொண்டுவரலாம். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் துறைவாரியாக எத்தனை ஆய்வு இடங்கள், யார் யாருக்குக் கொடுத்தோம் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சேர்ந்த குறிப்பிட்ட நாட்களுக்குள் நெறியாளரை ஒதுக்க வேண்டும். இவற்றை நம் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் மாவட்ட ஆதிதிராவிடர் நலக் குழுக் கூட்டங்களிலும் எழுத்தாகக் கேட்போம்.

அரசு செய்யும்வரை நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு உண்டு. பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில், தேர்வு பிப்ரவரியில். தாவரவியல், விலங்கியல் படிப்பவர்கள் உயிரித் தொழில்நுட்பத் தாளை எழுதலாம். ஆனால் கேள்வித்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே வரும். தமிழ்வழியில் படித்தவர்கள் முதல் ஆண்டிலிருந்தே பாடத்தின் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துப் படிப்பது நல்லது. இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்தில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை பழகலாம், உதவித்தொகையும் உண்டு. சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் கடைசி நாள் வரை தள்ளிப்போடாமல் முன்கூட்டியே இ-சேவை மையத்தில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் ஒருவர் எம்.எஸ்சி. முடித்திருந்தால் அடுத்த பிள்ளைக்கு இந்தத் தேதிகளைச் சொல்லிவிடுங்கள். வசதியுள்ள வீடுகளில் சித்தப்பாவோ அத்தையோ சாப்பாட்டு மேசையில் சொல்லிவிடும் தகவல் இது. நம் வீடுகளில் சொல்ல ஆளில்லாததால்தான் பல பிள்ளைகள் தேதி போன பிறகு தெரிந்துகொள்கிறார்கள். 1942-ல் நமக்காக ஒருவர் கணக்குப் போட்டுக் கேட்டார். அந்தக் கணக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. மிச்சத்தை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.