கேமிங் கம்ப்யூட்டருக்கு ஏர் கூலர்: லைட்டைப் பார்த்து வாங்காதீர்கள்

எங்கள் புதூர்ப் பக்கம் "ஏர் கூலர்" என்றால் எல்லோரும் ஒன்றைத்தான் நினைப்பார்கள். ஜன்னலோரம் நிற்கும், தண்ணீர் ஊற்றினால் குளிர்ந்த காற்று தரும் பெரிய பெட்டி. கம்ப்யூட்டர் கடையில் இதே பெயரில் விற்கப்படுவது வேறு பொருள். கேபினட்டுக்குள், பிராசசரின் தலை மேல் உட்கார்ந்து, அதன் சூட்டை இழுத்து வெளியே தள்ளும் உலோகத் தகடுகளும் ஒரு சிறிய மின்விசிறியும் சேர்ந்தது. இதில் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. புதிதாக கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் இப்போது அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். கேட்கும் முதல் கேள்வி "அண்ணே, லைட்டு இருக்கா?" என்பதாக இருக்கிறது.

என் சித்தி மகனும் இப்படித்தான் கேட்டான். கல்லூரியில் படிக்கிறான். சித்தப்பாவுக்கு மானாவாரி நிலம். அந்த வருட வத்தல் நன்றாக விலை போனதால் கம்ப்யூட்டருக்கு ஒரு தொகை ஒதுக்கினார். மதுரையில் ஒரு கடையில் எழுதிக் கொடுத்த பட்டியலை எனக்கு அனுப்பினான். அதில் பிராசசர் சாதாரணமானது, கிராபிக்ஸ் கார்டு சுமாரானது. ஆனால் கூலர் மட்டும் வண்ண விளக்குகளுடன் கூடிய லிக்விட் கூலர். யு.பி.எஸ். பட்டியலிலேயே இல்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பட்டியல்தான். பட்ஜெட் சிறியதாக இருக்கும்போது லைட்டுக்குத் தரும் ஒவ்வொரு ரூபாயும் வேறு ஏதோ ஒரு பாகத்தின் தரத்தில் இருந்து எடுக்கப்படுகிறது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

முதலில் ஒரு அடிப்படை விஷயத்தைத் தெரிந்து கொள்ளுங்கள். எந்தக் கூலரும், அது லிக்விட் கூலராக இருந்தாலும், பிராசசரை அறையின் வெப்பத்தை விடக் கீழே கொண்டு போக முடியாது. அறைக் காற்றை வைத்துத்தான் அது குளிர்விக்கிறது. உதாரணமாக, ஒரு கூலர் உங்கள் பிராசசரை அறை வெப்பத்தை விட 40 டிகிரி கூடுதலில் நிறுத்தி வைக்கிறது என வைத்துக் கொள்வோம். ஏ.சி. போட்ட அறையில் 25 டிகிரி இருந்தால் பிராசசர் 65 டிகிரியில் இருக்கும். சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர் மொட்டை மாடி அறையில் 40 டிகிரி இருக்கும்போது அதே கூலர், அதே பிராசசர், 80 டிகிரியைத் தொடும். அதோடு கிராபிக்ஸ் கார்டு கேபினட்டுக்குள் கக்கும் சூட்டையும் கூட்டிக் கொள்ளுங்கள். யூடியூபில் கூலர்களைச் சோதித்துக் காட்டுபவர்கள் பெரும்பாலும் குளிரூட்டப்பட்ட அறையில்தான் சோதிக்கிறார்கள். அவர்கள் காட்டும் எண்ணுடன் பத்துப் பதினைந்தைக் கூட்டினால் கரிசல் பூமியின் கணக்கு வரும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயப்பட வேண்டாம். 2001ஆம் ஆண்டில் ஒரு சோதனை வீடியோ பிரபலமாக இருந்தது. ஓடிக் கொண்டிருக்கும்போதே கூலரைக் கழற்றியவுடன் அந்தக் காலத்து ஏ.எம்.டி. அத்லான் பிராசசர் புகைந்து போனது. பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக் கொண்டு தப்பித்தது. இன்றைய பிராசசர்கள் எல்லாமே இரண்டாவது ரகம். சூடு எல்லையை நெருங்கினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். இன்டெல் கோர் ஐ5-12400க்கு அந்த எல்லை 100 டிகிரி. ஏ.எம்.டி. ரைசன் 5 5600க்கு 90 டிகிரி. ஆகவே கூலர் போதவில்லை என்றால் கம்ப்யூட்டர் எரிந்து விடாது; விளையாட்டின் நடுவே திணறும். காசு கொடுத்து வாங்கிய வேகம் கிடைக்காமல் போகும்.

பிராசசருடன் பெட்டியிலேயே ஒரு கூலர் வருகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். மேலே சொன்ன இரண்டுமே 65 வாட் வகை. ஆனால் ஐ5-12400 முழு வேகத்தில் ஓடும்போது 117 வாட் வரை எடுத்துக் கொள்ளும் என இன்டெல்லே குறிப்பிட்டுள்ளது. சென்னையில் குளுகுளு அறையில் இருப்பவருக்குப் பெட்டியில் வரும் கூலரே போதும் என்பது என் கருத்து. எங்கள் பக்கத்து வெயிலில், கான்கிரீட் கூரை இரவு பத்து மணி வரை சூட்டை இறக்கிக் கொண்டே இருக்கும் அறையில், அது கத்திக் கொண்டு ஓடும். இங்கே தனியாக ஒரு கூலர் வாங்குவது வீண் செலவு இல்லை. மேலும், இன்டெல்லில் "கே" என்ற எழுத்தில் முடியும் பிராசசர்களுடன் கூலர் தருவதில்லை. சில கடைகளில் பெட்டி இல்லாத "ட்ரே" பிராசசரை விலை குறைவு என்று சொல்லித் தருவார்கள். அதிலும் கூலர் இருக்காது. கம்பெனியின் நேரடி வாரண்டியும் இருக்காது. பாக்ஸ் பீஸ்தானா என்று கேட்டு வாங்கவும்.

சரி, எதை வாங்குவது? என் பதில் எளிமையானது. நான்கு ஹீட் பைப்புகள், ஒரு 120 மில்லிமீட்டர் மின்விசிறி, நிமிர்ந்து நிற்கும் டவர் அமைப்பு. இந்த மூன்றும் இருந்தால் போதும். ஹீட் பைப் என்பது உள்ளே சிறிதளவு திரவம் அடைக்கப்பட்ட செம்புக் குழாய். இட்லிக் கொப்பரையில் கீழே கொதிக்கும் தண்ணீர் ஆவியாகி, மூடியில் பட்டதும் மீண்டும் சொட்டாக இறங்குகிறதல்லவா? அதே வேலைதான். பிராசசர் பக்கம் ஆவியாகி, மேலே தகடுகளுக்கு இடையில் சூட்டை விட்டுவிட்டுத் திரும்பி வரும். கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212, டீப்கூல் ஏஜி400, ஏகே400 போன்றவை இந்த வகை. இந்தியாவில் விற்கும் ஆன்ட் ஈஸ்போர்ட்ஸ் போன்ற பெயர்களிலும் கிடைக்கும். கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் விலை மாறினாலும் சுமார் 1,500 ரூபாயில் இருந்து 3,000 ரூபாய்க்குள் முடித்து விடலாம். லிக்விட் கூலருக்கு ஏறக்குறைய இதைப் போல இரண்டு மடங்கு ஆகும். அதில் பம்ப் ஒன்று இருக்கிறது. பழுதானால் ஊரில் பார்க்க ஆள் இல்லை. டவர் கூலரில் கெட்டுப் போகக் கூடியது மின்விசிறி மட்டும். அதைத் தனியாக வாங்கி மாட்டிக் கொள்ளலாம்.

பெட்டியின் மேல் "220 வாட் தாங்கும்" என்பது போல் அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பி ஒரு கம்பெனியின் கூலரை இன்னொன்றுடன் ஒப்பிட வேண்டாம். எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளந்து போடும் எண் அல்ல அது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது அளவு. ஏகே400 கூலரின் உயரம் 155 மில்லிமீட்டர். ஹைப்பர் 212 இவோ 159 மில்லிமீட்டர். விலை குறைந்த கேபினட்டுகள் சிலவற்றில் இவை உள்ளே போகும். ஆனால் பக்கவாட்டுக் கண்ணாடி மூடாது. கேபினட் விவரத்தில் எவ்வளவு உயரக் கூலர் வரை மாட்டலாம் என்று போட்டிருக்கும், அதைக் கேட்டுக் கொள்ளவும். அடுத்தது சாக்கெட். 2021இல் வந்த எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில் மதர்போர்டின் துளைகள் தள்ளிப் போய்விட்டன. அதற்கு முந்தைய எல்.ஜி.ஏ. 1200 போர்டுக்கு வாங்கிய பழைய கூலர், அதற்கான கிளாம்ப் இல்லாமல் இதில் உட்காராது. பழைய சரக்கை மலிவாகத் தள்ளும் கடைகளில் இதைக் கட்டாயம் கவனியுங்கள். மின்விசிறி ஒயரின் முனையில் நான்கு பின் இருக்கிறதா என்றும் பாருங்கள். நான்கு பின் இருந்தால் சூட்டுக்கு ஏற்ப வேகத்தை மதர்போர்டு கூட்டிக் குறைத்துக் கொள்ளும். இல்லாவிட்டால் சில மலிவான கூலர்கள் நாள் முழுக்க ஒரே சத்தத்தில் ஓடும்.

இப்போது லைட்டுக்கு வருவோம். லைட் போட்டால் கம்ப்யூட்டர் வேகமாகாது என்பது உங்களுக்கே தெரியும். அதற்காக லைட்டே கூடாது என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. கோவில் கொடைக்கு சீரியல் செட் கட்டாமல் இருக்க முடியுமா? இளைஞர்களுக்கு ஆசை இருக்கத்தான் செய்யும். ஒரே கூலர் லைட்டுடனும் லைட் இல்லாமலும் வந்தால், வித்தியாசம் இருநூறு, முன்னூறு ரூபாய் என்றால் தாராளமாக வாங்கிக் கொள்ளுங்கள். அதற்கு மேல் என்றால் வேண்டாம். லைட்டுக்காக நான்கு ஹீட் பைப்பில் இருந்து இரண்டுக்கு இறங்குவது கூடவே கூடாது. கடைகளில் பளபளவென்று சுழலும் மலிவான கூலர்கள் சிலவற்றில் நடப்பது இதுதான்.

லைட்டில் இரண்டு வகை உண்டு. இதைப் புதியவர்கள் தெரிந்து கொள்வது மிக அவசியம். ஆர்.ஜி.பி. என்பது 12 வோல்ட், நான்கு பின். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் ஒரே நிறம் காட்டும். ஏ.ஆர்.ஜி.பி. என்பது 5 வோல்ட், மூன்று பின். ஒவ்வொரு விளக்கும் தனித்தனி நிறம் காட்டும். 5 வோல்ட் லைட்டை 12 வோல்ட் இணைப்பில் அழுத்தி மாட்டினால் லைட் கருகிவிடும். விலை குறைந்த மதர்போர்டுகள் பலவற்றில் இந்த 5 வோல்ட் இணைப்பு இருப்பதே இல்லை. கூலர் வாங்கும் முன் மதர்போர்டின் விவரக் கையேட்டில் பார்த்துவிடுங்கள். இல்லை என்றால் நிறம் மாற்ற முடியாத, மின்விசிறி ஒயரில் இருந்தே மின்சாரம் எடுத்துக் கொள்ளும் சாதாரண எல்.இ.டி. வகையே நல்லது. என்னைக் கேட்டால் எல்லோருக்குமே அதுதான் நல்லது. நிறம் மாற்ற ஒரு சாப்ட்வேர், அது விண்டோஸுடன் சேர்ந்து துவங்கி மெமரியில் உட்கார்ந்து கொள்ளும் தொல்லை எதுவும் இல்லை. இன்னொன்று. சில மதர்போர்டுகளில் கம்ப்யூட்டரை நிறுத்திய பிறகும் லைட் எரியும். ஒரே அறையில் படுத்துத் தூங்கும் ஆச்சி திட்டுவதற்கு முன், பயாஸ் அமைப்பில் போய் அதை நிறுத்தி வைக்கவும்.

லைட்டை விட நம் பக்கத்தில் பெரிய விஷயம் தூசி. கரிசல் மண் காய்ந்து பொடியானால் மாவு மாதிரி இருக்கும். அம்மியே பறக்கும் என்று சொல்லப்படும் ஆடிக் காற்றில் இந்த மாவு எம்மாத்திரம்? அதோடு பருத்தி எடுக்கும் காலத்தில் பஞ்சு இழை, களத்தில் மல்லி, வத்தல் அள்ளும்போது பறக்கும் தூள். இவை எல்லாம் கேபினட்டுக்குள் போய், மின்விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவில் கம்பளி போல் படிந்து விடும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. லைட் அழகாகச் சுற்றிக் கொண்டிருக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. அதனால்தான் மின்விசிறியைக் கம்பிக் கிளிப்பால் மாட்டியிருக்கும் கூலரை நான் சிபாரிசு செய்கிறேன். ஸ்குரூ டிரைவர் இல்லாமல் இரண்டு கிளிப்பை நெம்பினால் மின்விசிறி கையோடு வந்துவிடும். ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுக்கலாம். காற்று ஊதும் பிளோயர் பயன்படுத்தினால் மின்விசிறியை விரலால் பிடித்துக் கொள்ளவும், அதைச் சுழல விடக் கூடாது. ஆனி, ஆடி மாதங்களில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மற்ற நேரத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். கேபினட் வாங்கும்போதே முன்பக்கம் கழற்றிக் கழுவக் கூடிய வலை பில்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியால் மூடி, உள்ளே மூன்று வண்ண விசிறிகள் சுற்றும் கேபினட்டுகள் ஷோகேஸுக்கு நல்லது. காற்று போக வழி குறைவு.

அறையில் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். நம் ஊர்க் காற்று வறண்டது என்பதால் அது நன்றாகவே வேலை செய்யும். அறை நான்கைந்து டிகிரி குறைந்தால் பிராசசரும் அவ்வளவு குறையும். ஆனால் அதைக் கேபினட்டுக்கு நேராகத் திருப்பி வைக்க வேண்டாம். தெறிக்கும் நுண்துளியில் போர் தண்ணீரின் உப்பு இருக்கும். மதர்போர்டில் உப்புப் படிவது நல்லதல்ல.

மாட்டும்போது செய்ய வேண்டியவை சில. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்கவும். தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். பூச்சு வேலை செய்ய வேண்டாம். காற்று கேபினட்டின் பின்பக்கம் பார்த்துப் போகும்படி மின்விசிறி இருக்க வேண்டும். மதுரையிலோ கோவில்பட்டியிலோ அசெம்பிள் செய்து பஸ்ஸில் கொண்டு வருவதானால், டவர் கூலரைக் கழற்றித் தனியாகக் கொண்டு வருவது உத்தமம். அரைக் கிலோவுக்கு மேல் எடை, குலுங்கினால் போர்டு தாங்காது. முடியாவிட்டால் மதர்போர்டு தரையைப் பார்த்துப் படுத்திருக்கும்படி கேபினட்டைச் சாய்த்து, மடியில் வைத்துக் கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து பிளக் மாட்டும் முன் உள்ளே ஒரு முறை பார்த்துவிடவும்.

சித்தி மகனின் பட்டியலில் லிக்விட் கூலரை எடுத்துவிட்டு, நான்கு ஹீட் பைப் உள்ள சாதாரண நீல லைட் டவர் கூலரைப் போட்டோம். மிச்சமான பணத்துடன் கொஞ்சம் சேர்த்து யு.பி.எஸ். வாங்கினோம். அடிக்கடி கரண்ட் போய் வரும் ஊரில் அது இல்லாமல் கேமிங் கம்ப்யூட்டர் எதற்கு என்று சித்தப்பாவே கேட்டார். மே மாதப் பகலில் வேலரன்ட் விளையாடும்போது கோர் டெம்ப் என்ற இலவச சாப்ட்வேரில் பார்த்தால் பிராசசர் 70 சொச்சத்தில் நிற்கிறது. நீங்களும் அந்த சாப்ட்வேரை இறக்கி, அரை மணி நேரம் விளையாடிய பிறகு பாருங்கள். 85க்குக் கீழே இருந்தால் உங்களுக்குப் புதுக் கூலரே தேவையில்லை. அதற்கு மேல் போனால் கடைக்குப் போகும் முன் மூடியைத் திறந்து தூசியைத் தட்டிவிட்டு, மறுபடி ஒரு முறை பாருங்கள்.