சதுப்பு நிலம் பாழ்நிலமா?

சதுப்பு என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவன சேறும் கொசுவும் துர்நாற்றமுமே. "வீணாய்க் கிடக்கிற இடம். தண்ணீரை வடித்துவிட்டு நெல்லோ தென்னையோ வைத்தால் நாலு பேர் பிழைப்பார்களே!" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் சொல்தான். ஆனால், அது சரிதானா? தென்கிழக்கு ஆசியாவின் கருநீர்ச் சதுப்புகளில் நடந்தவற்றைப் பார்த்தால் விடை தெரியும்.

சுமத்திரா, போர்னியோ தீவுகளிலும் மலேசியத் தீபகற்பத்திலும் நீரில் நின்றே வளரும் காடுகள் உண்டு. அங்கு உதிரும் இலையும் கிளையும் நீரில் மூழ்கி, முற்றிலும் மக்காமல், பல்லாயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காய்ப் படிந்துள்ளன. இதனையே முற்றா நிலக்கரி என்பர். சில இடங்களில் இப்படிவு 10 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. இதில் ஊறிய நீர் பால் கலவாத தேநீர் போல் கறுத்திருக்கும். தூய நீரின் பி.எச். எண் 7 என்று படித்திருக்கிறோம். இந்நீரிலோ அது சில இடங்களில் 3 வரை இறங்குகிறது. ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். கணக்கிட்டுப் பாருங்கள், தூய நீரைவிடப் பதினாயிரம் மடங்கு!

இத்தகைய நீரில் எந்த உயிர் வாழப்போகிறது என்று எண்ணத் தோன்றும். ஆயினும் இச்சதுப்புகளில் 200க்கும் மேற்பட்ட மீன் இனங்கள் காணப்பட்டுள்ளன. அவற்றுள் சுமார் 80 இனங்கள் இச்சதுப்புகளை விட்டால் வேறெங்கும் வாழ்வதில்லை. நம் ஊர் விராலையும் பனையேறிக் கெண்டையையும் போலக் காற்றை நேரே சுவாசிப்பவை சில. நுரைக்குமிழிகளால் கூடு கட்டி, ஆண் மீனே முட்டைகளைக் காத்து நிற்கும் சண்டை மீன்களும் உண்டு. எல்லாவற்றிலும் விந்தையானது பீடோசிப்ரிஸ் என்னும் மீன். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இதனை அறிஞர்கள் 2006ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். முழு வளர்ச்சியடைந்த பெண் மீன் ஒன்றின் நீளம் 7.9 மில்லிமீட்டர்தான்! உடல் கண்ணாடி போன்றது. மூளையின் மேற்புறத்தை மூடும் எலும்புகூட முழுமையாக இல்லை. முதுகெலும்புள்ள உயிர்களிலேயே மிகச் சிறியது என்ற பெயரை 2012இல் பப்புவா நியூகினித் தவளை ஒன்று தட்டிச் சென்றுவிட்டது. ஆயினும் இது படைப்பின் பேரற்புதங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

இம்மீன்களின் வீட்டைத்தான் மனிதன் வடித்துக் கொண்டிருக்கிறான். 1995இல் இந்தோனேசிய அரசு, போர்னியோவின் மத்திய காளிமந்தானில் சுமார் 10 லட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல் வயலாக்கத் திட்டமிட்டது. 4,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. நீர் வடிந்தது; காடு அழிந்தது; ஆனால் அந்த அமில மண்ணில் நெல் விளையவில்லை. உலர்ந்த முற்றா நிலக்கரி வேறென்ன, விறகுதானே? 1997இன் கடும் வறட்சியில் நிலத்தைத் திருத்த வைத்த தீ மண்ணுக்குள்ளும் இறங்கி மாதக்கணக்கில் கனன்றது. புகை மலேசியாவையும் சிங்கப்பூரையும் சூழ்ந்தது. 1999இல் திட்டம் கைவிடப்பட்டது. 2015இல் மீண்டும் பெருந்தீ மூண்டபோது, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிகளையே மூட நேர்ந்தது. சதுப்பில் வடித்த நீருக்கும் வகுப்பறையில் மாணவியர் விட்ட மூச்சுக்கும் இடையே இருந்த தொடர்பை எண்ணிப் பாருங்கள்!

"மனிதர் பசித்திருக்க, விரல் நகத்தினும் சிறிய மீனுக்கு இவ்வளவு பரிவா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பசித்தவனின் சோற்றைப் பறித்து மீனுக்கு இடுமாறு யாரும் சொல்லவில்லை. ஆனால் காளிமந்தானில் நடந்தது என்ன? மீனும் போயிற்று, சோறும் கிடைக்கவில்லை. அங்கே குடியேற்றப்பட்ட ஏழை உழவர்களே புகையையும் விளையாத நிலத்தையும் சுமந்தனர். நிலத்தின் இயல்பை அறியாமல் செய்யும் உதவி, உதவி ஆகாது.

இது யாரோ எங்கோ செய்த தவறு என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. சதுப்புகள் பல இன்று எண்ணெய்ப் பனைத் தோட்டங்களாகிவிட்டன. பாமாயிலை உலகிலேயே மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடு நமது இந்தியா. ரேஷன் கடையில் வாங்கும் பாமாயில் எத்தனையோ ஏழை வீடுகளின் தாளிப்பு. அதனைக் குறை கூறுவது அறமன்று. மேலும், ஒரு ஹெக்டேரில் எண்ணெய்ப் பனை தரும் அளவு எண்ணெயை வேறு எந்தப் பயிரும் தருவதில்லை. ஆகவே பனையை வெறுப்பது தீர்வாகாது. எந்த மண்ணில் அதை நடுவது என்பதே கேள்வி. முன்பே திருத்தப்பட்ட மேட்டு நிலங்களில் நடட்டும்; சதுப்பில் கை வைக்க வேண்டாம் என்று, வாங்குகிற நாடு சொன்னால் விற்கிற நாடு கேட்கும்.

2016இல் இந்தோனேசிய அரசே சதுப்பு மீட்புக்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தி, வெட்டிய வாய்க்கால்களை அடைத்து நீரைத் தேக்கத் தொடங்கியது. வெட்டிய கையே அடைத்தது! ஆனால் வடித்த நீரைத் திரும்பத் தேக்கலாம். ஒரே சதுப்பில் மட்டும் வாழ்ந்து மறைந்த மீனை எங்கிருந்து கொண்டு வருவது?

தோழியரே, "பயனற்றது" என்று ஒன்றைத் தள்ளுமுன், அதில் வாழ்வது யார் என்று கேட்கப் பழகுவோம். ஏரிக்கரையைத் தூர்க்கும்போதும், வீட்டருகே உள்ள குட்டையில் குப்பை கொட்டும்போதும் இக்கேள்வி நம் நாவில் எழட்டும். பெரியவர்களிடமும் பணிவோடு கேட்போம். விடை தெரியாத இடத்தில் மண்வெட்டியைக் கீழே வைப்பதே அறிவுடைமை.