சூது பாக்கெட்டில் இருக்கிறது

பென்னாகரமோ பாலக்கோடோ அரூரோ, தருமபுரி மாவட்டத்தின் பள்ளிக்கூட வாசல்களில் மிட்டாய்ச் சரங்களுக்கு நடுவே இப்போது போக்கிமான் அட்டைகளும் தொங்குகின்றன. பெரும்பாலும் போலிகள். தங்க நிறம் பூசிய பிளாஸ்டிக், பிழை மலிந்த ஆங்கிலம், எந்த ஆட்டத்திலும் செல்லுபடியாகாத எண்கள். சிறுவர்கள் யாருடைய எண் பெரியது என்று பார்த்து ஒருவர் அட்டையை மற்றவர் எடுத்துக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் தரையில் அடித்துப் புரட்டுகிறார்கள்.

இதைப் பற்றி நம் சூழலில் இரண்டு குரல்களே கேட்கின்றன. ஒன்று, இது சூது, அன்னியக் குப்பை, பிள்ளைகளுக்குப் பல்லாங்குழி கற்றுக்கொடுங்கள் என்னும் பண்பாட்டுக் காவலர்களின் குரல். மற்றது, காணொளிகளில் பாக்கெட் பாக்கெட்டாகக் கிழித்துக் கூச்சலிடுபவர்களின் குரல். எப்படித் தொடங்குவது என்று கேட்டால் இவர்களிடம் ஒரே பதில்தான்: இந்தப் பெட்டியை வாங்கு. இரு தரப்பும் பரம எதிரிகள்போலத் தோன்றினாலும் ஒரு விஷயத்தில் முழு ஒற்றுமை. இருவருமே விதிப்புத்தகத்தைத் திறந்ததில்லை.

இந்த ஆட்டம் வாசிப்பின் ஆட்டம். அதில் சூது உண்டு, ஆனால் அது ஆடும் பலகையில் இல்லை, விற்கும் பாக்கெட்டில் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத வரை நம்மால் இதைச் சரியாகக் கண்டிக்கவும் முடியாது, சரியாகத் தொடங்கவும் முடியாது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் கணித ஆய்வாளர் 1993இல் 'மேஜிக்: தி கேதரிங்' ஆட்டத்தை உருவாக்கினார். அட்டையைச் சேகரிப்பதும் அட்டையால் ஆடுவதும் ஒன்றாகக் கலந்தது அங்கேதான். அந்த முதல் பதிப்பின் விதிகளில் பணயம் இருந்தது. ஆட்டத் தொடக்கத்தில் இருவரும் ஆளுக்கொரு அட்டையை வைக்க வேண்டும், வென்றவருக்கு இரண்டும். சில ஆண்டுகளிலேயே அந்த விதி கைவிடப்பட்டது, பணயத்தைப் பற்றிப் பேசும் அட்டைகள் போட்டிகளில் தடைசெய்யப்பட்டன. பலகையிலிருந்து சூது வெளியேறியது. பாக்கெட்டிலிருந்து வெளியேறவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுக்கும் ஏற்பாடு 1996இல் ஜப்பானில் வந்த போக்கிமான் அட்டைகளிலும் தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது.

நம்மூரில் இது ஒன்றும் புதிதல்ல. பிக்ஃபன் பபுள்கம்மில் வந்த ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் சேர்த்துப் பரிசுக்கு அலைந்த தலைமுறை நம்முடையது. மல்யுத்த வீரர்களின் உயரத்தையும் எடையையும் ஒப்பிட்டு 'ட்ரம்ப் கார்டு' ஆடியவர்களும் நாம்தான். எண் பெரியதா என்று மட்டும் பார்க்கும் இன்றைய சிறுவன் அந்த ஆட்டத்தையே தொடர்கிறான். போக்கிமான் ஆட்டத்துக்குள் அவனை இன்னும் யாரும் அழைத்துப் போகவில்லை.

பாரதக் கூத்து இன்னும் ஆடப்படும் மண் இது. பகடை துகில் ஆடும் இரவில் சகுனியைக் கண்டு பல்லைக் கடிக்கும் ஊரில், பாக்கெட்டை விற்பவன் யார் என்று விளக்க வேண்டியதில்லை. பகடை அவன் கையில் செய்தது. போக்கிமான் உறையில், அரிய அட்டை எத்தனை பாக்கெட்டுக்கு ஒன்று என்பதுகூட அச்சிடப்படுவதில்லை. குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. தோற்பதைவிட, இடையில் கிடைக்கும் வெற்றி ஆளைச் சிக்கவைக்கிறதே என்பதுதான் அங்கே முதல் கவலை. பளபளக்கும் ஓர் அட்டை கிடைத்த சிறுவன் அடுத்த வாரம் எங்கே நிற்பான் என்பது கடைக்காரருக்குத் தெரியும். 2003இல் தமிழ்நாட்டில் பரிசுச்சீட்டு தடைசெய்யப்பட்டபோது நாம் கைதட்டினோம். அதே தர்க்கம் இந்த உறைக்கும் பொருந்தும்.

ஆட்டத்துக்குப் பொருந்தாது. 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியை முதன்மையாகத் திறமையின் ஆட்டம் என்றது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று தீர்மானிக்க வேண்டும் என்பதே அதற்குச் சொன்ன காரணம். போக்கிமான் ஆட்டம் இதையே இன்னும் கறாராகக் கேட்கிறது. கட்டில் சரியாக 60 அட்டைகள். அடிப்படை ஆற்றல் அட்டைகள் தவிர, ஒரே பெயரில் நான்குக்கு மேல் கூடாது. தொடக்கத்தில் கையில் ஏழு. எதிராளியின் உயிரியை வீழ்த்தும்போது எடுத்துக்கொள்ள வேண்டிய ஆறு பரிசு அட்டைகள் கவிழ்த்து வைக்கப்படும். அவை எவை என்று வைத்தவருக்கே தெரியாது. தேர்ந்த ஆட்டக்காரர், முதல்முறை கட்டைத் தேடும் வாய்ப்பு வரும்போது, அங்கே இல்லாதவை எவை என்று மனக்கணக்கில் கழித்துப் பரிசில் சிக்கியவற்றைக் கண்டுபிடித்துவிடுகிறார். 60 அட்டைகளையும் மனப்பாடமாக வைத்திருப்பவருக்கே இது முடியும்.

கணக்கும் இருக்கிறது. 60 அட்டைக் கட்டில் ஓர் அட்டை ஒன்றே ஒன்று இருந்தால் அது முதல் ஏழில் வர சுமார் 12 சதவீத வாய்ப்பு. நான்கு இருந்தால் ஒன்றாவது வர சுமார் 40 சதவீதம். கட்டு அமைப்பது இந்த 12க்கும் 40க்கும் இடையில் முடிவெடுப்பதுதான். பாக்கெட் பிரிக்கும் காணொளிகளில் இதைப் பற்றிய பேச்சு மிக அபூர்வம். அதில் அவர்களுக்கு விற்க ஒன்றுமில்லை.

ஆகவே தொடங்க விரும்புகிறவர் பாக்கெட் வாங்கவே கூடாது. உள்ளே இருப்பது இன்னதென்று தெரிந்த ஆயத்தக் கட்டுகள் விற்கின்றன. இருவர் சேர்ந்து இரண்டு வாங்கினால் போதும். அதற்கும் வழியில்லையா? போட்டிகளில் வென்ற கட்டுகளின் பட்டியல் பொதுவெளியில் கிடைக்கிறது. அட்டைகளின் வாசகத்தைத் தாளில் எழுதி, பழைய சீட்டுகளின்மேல் வைத்து, உறையில் செருகி ஆடுங்கள். அதிகாரப்பூர்வப் போட்டியில் இது செல்லாது. அங்கே உண்மை அட்டை வேண்டும், அதுவும் ஆண்டுதோறும் பழைய அட்டைகள் செல்லாக்காசாகும். இந்த ஏற்பாட்டுக்கு என்னிடம் எந்த ஆதரவும் இல்லை, அது அப்பட்டமான வியாபாரம். ஆனால் தருமபுரியிலிருந்து பெங்களூர் சுமார் 130 கிலோமீட்டர். அந்தப் பேருந்தில் ஏறும் நாள் வரும்போது அட்டையைப் பற்றிக் கவலைப்படலாம். அதற்கு முன் நூறு ஆட்டமாவது தோற்க வேண்டும். தோற்பதற்குத் தாள் போதும்.

நம் சூழல் உண்மையில் வெட்கப்பட வேண்டிய இடம் வேறு. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி மாவட்டம் தருமபுரி, சுமார் 68.5 சதவீதம். இங்கே ஒரு சிறுவன் தானாக விரும்பி ஒரு வாசகத்தை உற்றுப் பார்க்கிறான், அது அவனுக்குப் புரியாத ஆங்கிலத்தில் இருக்கிறது. 2019இல் தாய்லாந்து மொழியிலும் இந்தோனேசிய மொழியிலும் இந்த அட்டைகள் வந்துவிட்டன. தமிழில் வரவில்லை. நிறுவனம் தரட்டும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. விதிகளைத் தமிழாக்க நிறுவனம் எதற்கு?

தஸ்தயேவ்ஸ்கியின் 'சூதாடி'யையும் ஸ்வைக்கின் சதுரங்கக் கதையையும் சிலாகிக்கும் நண்பர்கள், ஓர் ஆட்டத்தின் விதிநூலை மொழிபெயர்ப்பது தம் தகுதிக்குக் குறைவு என்று நினைக்கிறார்கள். இந்த வாசகங்களைப் படித்துப் பார்க்கட்டும். 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்ய வேண்டும்' என்பதற்கும் இடையில் ஆட்டமே மாறிவிடும். 'இரண்டு' வேறு, 'இரண்டு வரை' வேறு. ஓர் 'உம்' எண்ணும்மையா எச்சவும்மையா என்று பக்கம் பக்கமாக வாதிட்ட உரையாசிரியர்களின் வாரிசுகள் நாம். அந்தக் கூர்மையைப் பன்னிரண்டு வயதில் ஒருவன் விளையாட்டாகவே பழகிக்கொள்ள முடியும் என்றால் அதைவிட நல்ல தமிழ்ப் பயிற்சி எது?

பல்லாங்குழிக்காரர்களுக்கு ஒரு சொல். மூன்று புலி, பதினைந்து ஆடு என்று அமைந்த ஆடுபுலி ஆட்டம் அற்புதமான ஆட்டம். ஆனால் அங்கே எல்லாமே கண்முன் இருக்கிறது. மறைந்திருப்பதை ஊகிப்பது அதன் வேலையல்ல. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அடிப்பது சிந்தனைச் சோம்பல். மேலும், பரிந்துரைப்பவர்கள் கடைசியாகச் சோழி பிடித்தது எப்போது?

சொற்களுக்குப் பஞ்சமில்லை. நம் சீட்டாட்டத் திண்ணைகளே தந்திருக்கின்றன: கட்டு, கை, கலைத்தல், வெட்டுதல், இறக்குதல், கழித்தல். மாவட்ட மைய நூலகத்தில் ஒரு மேசையும், புத்தகத் திருவிழாவில் நான்கு நாற்காலிகளும் கிடைத்தால் இதைத் தொடங்கிவிடலாம். சிக்கலாக இருப்பது ஒன்றிரண்டு சொற்களே. களத்தில் இறங்காமல் முறைக்காகக் காத்திருக்கும் ஐந்து உயிரிகள் வரை அமரும் இடத்தை ஆங்கிலத்தில் பெஞ்ச் என்கிறார்கள். நான் அதற்குத் 'திண்ணை' என்று எழுதி வைத்திருக்கிறேன். பிடிக்காதவர்கள் வேறொரு சொல்லோடு வரட்டும்.