மஞ்சளுக்குத் தடை இருந்த மண்ணில்

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. நம் படிப்பகத்துக்குத் தவறாமல் வரும் கல்லூரி மாணவி ஒருத்தி, துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். வெயிலுக்கு மூடியிருக்கிறாள் என்று நினைத்தோம். இருட்டிய பிறகும் துணி இறங்கவில்லை. எல்லாரும் போன பின் மெல்லக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "மொகம் எரியுதுக்கா" என்றாள். விலக்கிப் பார்த்தால் இரண்டு கன்னமும் சிவந்து தடித்து, சிறுசிறு கொப்புளமாக இருந்தது. உதட்டுக்கு மேலே பூனைமுடி அடர்ந்திருந்தது.

கதை சிறியதுதான். கல்லூரி ஆண்டு விழாவில் நடனத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். ஒத்திகையில் யாரோ ஒருத்தி, "நீ பின்வரிசையில நில்லு, லைட்டுல உன் மொகம் தெரியாது" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அன்று மாலையே மருந்துக் கடைக்குப் போய் வெள்ளையாக்கும் களிம்பு கேட்டிருக்கிறாள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த சின்ன ட்யூபை இரவில் பூசினாள். பத்தே நாளில் முகம் வெளுத்தது. பருவும் அமுங்கியது. விழாவில் முன்வரிசையில் ஆடினாள். பிறகு மூன்று மாதம் விடாமல் பூசினாள். காசில்லாமல் ஒரு வாரம் நிறுத்தியபோதுதான் இந்த எரிச்சல் தொடங்கியிருக்கிறது. மறுபடி பூசினால் அடங்கும், விட்டால் எரியும். "அதை விடவும் முடியல, போடவும் பயமா இருக்குக்கா" என்றாள்.

அந்த ட்யூபை வாங்கி, அதன் முதுகில் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தோம். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாய்ன், மொமெட்டசோன். மூன்றுமே மருந்துகள். மங்கு என்று நாம் சொல்லும் கரும்படலத்துக்குத் தோல் மருத்துவர் பார்த்து, சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருகிற கலவை இது. இதில் மூன்றாவதாக இருக்கும் மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு பட்டதும் தோலுக்கடியில் உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கும், வீக்கம் வடியும், முகம் வெளிறும். நிறம் கூடியதாக நாம் மகிழ்ந்துபோவோம். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துபோகும், ரத்தக்குழாய்கள் வெளியே தெரியும், பரு கொத்துக்கொத்தாய் வரும், முடி முளைக்கும். நிறுத்தினால் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து பொங்கும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்த நிலைக்கு 'ஸ்டீராய்டால் சிதைந்த முகம்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்கும் அளவுக்கு அவர்களிடம் நோயாளிகள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

சட்டப்படி ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2018-இல் மேலும் 14 வகைகளை மத்திய அரசு அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. ஆனால் நம் ஊர்ப் பக்கம் படர்தாமரைக்கும் இதே களிம்புதான், சேற்றுப்புண்ணுக்கும் இதே களிம்புதான். மருத்துவரிடம் போனால் ஒருநாள் கூலி போய்விடும் என்று கடைக்காரரையே மருத்துவராக்கி வைத்திருக்கிறோம். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும்.

அந்தப் பிள்ளையிடம் நாம் முதலில் சொன்ன வார்த்தை தவறானது. "உனக்கு எதுக்கு இந்த மேக்கப் எல்லாம்? படிக்கிற வேலையைப் பாரு" என்றோம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறுத்தியது. இதே கேள்வியை இந்த மண்ணில் வேறு யாரோ நம் பாட்டிமார்களிடம் கேட்டிருக்கிறார்களே!

1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், இந்தியச் சாதிகளைப் பற்றித் தாம் எழுதிய ஆங்கில நூலில் அந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. குடை, செருப்பு கூடாது. வீட்டில் மண்பாத்திரம்தான் புழங்க வேண்டும். பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியக் குதிர்களையும் ஆடுமாடுகளையும்கூட விட்டுவைக்கவில்லை.

பூவும் மஞ்சளும்! ஒரு கிள்ளு மஞ்சளை முகத்தில் பூசிக்கொண்டு தெருவில் நடப்பது அன்று கலகமாக இருந்திருக்கிறது. 1915-இல் கொல்லத்தில் அய்யன்காளி கூட்டிய மாநாட்டில், புலையர் பெண்கள் சாதியின் அடையாளமாகக் கழுத்தில் சுமந்த கல்மாலைகளை அறுத்தெறிந்தார்கள். 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம் பேசிய அண்ணல் அம்பேத்கர், தீண்டத்தகாதவர் என்று காட்டிக்கொடுக்கும் உடைமுறையையும் கனத்த வெள்ளி நகைகளையும் விட்டுவிட்டு மற்றப் பெண்களைப் போலச் சேலை உடுத்தச் சொன்னார். நம் தலைவர்கள் உடையையும் ஒப்பனையையும் அற்ப விஷயமாக நினைக்கவில்லை. அதனால்தான் நம் பிள்ளை உதட்டுச் சாயம் பூசினால் "காலனிக்காரிக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று பேருந்து நிறுத்தத்தில் இன்றும் ஒரு வாய் திறக்கிறது. அதே வாய்தான், கொஞ்சம் வெளுத்த நிறத்தில் நம் பிள்ளை இருந்தால், "உன்னைப் பார்த்தா அந்த ஆளுங்க மாதிரியே தெரியலையே" என்று பாராட்டவும் செய்கிறது. அலங்கரித்துக்கொண்டால் ஏச்சு, வெளுத்திருந்தால் மெச்சு. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் அந்த ட்யூப் விற்கிறது.

நம் வீட்டுக்குள்ளும் குப்பை இருக்கிறது. மேடையில் கறுப்பைப் போற்றிப் பேசிவிட்டு, பெண் பார்க்கப் போகும்போது "பொண்ணு கலரா இருக்கணும்" என்று தரகரிடம் சொல்லும் தோழர்களை நமக்குத் தெரியும். பிறந்த குழந்தையின் காதுமடலைத் திருப்பிப் பார்த்து நிறத்தைக் கணிக்கும் அப்பத்தாக்களையும் தெரியும். நாமும் ஒன்றும் யோக்கியமில்லை. விடுதியில் முதுகலைத் தமிழ் படித்த நாட்களில், சங்க இலக்கியத்தில் மாமை நிறத்தின் அழகைப் பற்றிப் பகலில் கட்டுரை எழுதிவிட்டு, ராத்திரியில் சிவப்பழகு க்ரீம் பூசிக்கொண்டுதான் படுத்தோம். எலுமிச்சம் பழத்தைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போய் முகம் பொத்துப்போனதும் உண்டு. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகும் என்பது அப்போது யாருக்குத் தெரியும்? அந்தத் தழும்பு ஆறு மாதம் இருந்தது. கறுத்த தோலின் இயல்பு அப்படி. எரிந்தாலும் கிள்ளினாலும் பரு வந்தாலும், ஆறிய இடம் முன்னைவிடக் கறுத்து, நெடுநாள் நிற்கும். கறுப்பைப் போக்குகிறேன் என்று தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு கூடுவது இதனால்தான்.

சிவப்பழகு க்ரீம் இந்தியச் சந்தைக்கு வந்தது 1975-இல். 2014-இல் விளம்பரத் தர மன்றம், நிறத்தை வைத்து யாரையும் தாழ்த்திக் காட்டக் கூடாது என்று நெறிமுறை வகுத்தது. 2020-இல் அந்த க்ரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல் போய் 'க்ளோ' வந்தது. நம் தெருப் பெட்டிக்கடையில் இன்றும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள், கடைக்காரரும் எடுத்துக் கொடுக்கிறார்.

பெயர் தெரிந்த க்ரீமைவிட மோசமானது பெயர், ஊர் தெரியாத க்ரீம். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு உட்பிரிவு நோய் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் க்ரீம் பூசியவர்கள். க்ரீம்களில் இருந்தது பாதரசம். தோலில் பூசியது ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போயிருக்கிறது. கேரள அரசு 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயரிட்டுக் கடைகளில் சோதனை நடத்தியது. நம் ஊர்ச் சந்தையிலும் திருவிழாக் கடையிலும், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் பெட்டியிலும் இருக்கும் டப்பாக்களை யார் சோதிப்பது? இறக்குமதியான அழகுப் பொருளில், இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அவை இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாய்ன் பூசுகிறவர் வெயிலில் போகக் கூடாது, போனால் சன்ஸ்க்ரீன் பூச வேண்டும் என்பது மருத்துவ விதி. நூறு நாள் வேலையில் வரப்பு வெட்டுகிறவள் எந்த வெயிலுக்கு ஒதுங்குவாள்? இந்த மாணவியே சனி, ஞாயிறுகளில் அம்மாவோடு மிளகாய் பறிக்கப் போகிறாள். வெயிலைத் தாங்கத்தான் உடம்பு மெலனினைச் சுரக்கிறது. அந்தக் குடையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவளைக் காட்டுக்கு அனுப்புகிறது களிம்பு.

அப்படியானால் ஒப்பனையே வேண்டாமா? வேண்டும். ஆசையிருந்தால் தாராளமாகப் பூசட்டும். நமக்கான நிறத்தில் பவுண்டேஷன் ஃபேன்சி ஸ்டோரில் கிடைப்பதில்லை என்பது வேறு தொல்லை. 'ஸ்கின் கலர்' என்று ஒரே ஒரு நிறத்தைக் கொடுக்கிறார்கள், பூசினால் சாம்பலில் விழுந்து எழுந்தது போல இருக்கிறது. யாருடைய ஸ்கின்? கல்யாண மேக்கப்பில் முகம் ஒரு நிறமும் கழுத்தும் கையும் இன்னொரு நிறமுமாக மணமேடையில் உட்கார்ந்திருக்கும் நம் பெண்களைப் பார்க்கும்போது, அந்த ஒரு நாளாவது அவள் முகத்தோடு அவளை விட்டிருக்கலாமே என்று தோன்றும்.

தோல் ஆளுக்கு ஆள் வேறு. ஒரே ஆளுக்கும் நாளுக்கு நாள் வேறு. மாதவிலக்குக்கு முந்தின வாரம் எண்ணெய் வழியும், விடுதி உப்புத் தண்ணீரில் வறளும், தேர்வு நேரத்தில் பரு கிளம்பும். தோழிக்கு ஒத்துக்கொண்ட க்ரீம் உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. புதிதாக எது வாங்கினாலும் முழங்கையின் உட்புறம் துளி தடவி இரண்டு நாள் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ அது உங்களுக்கில்லை. ஒரே நேரத்தில் இரண்டு புதுப் பொருளைத் தொடங்கினால் எது கடித்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஸ்டிக்கர் பொட்டு ஒட்டும் இடத்தில் அரிப்போ வெளுப்போ தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். சில பசைகளில் உள்ள வேதிப்பொருள் அந்த இடத்தை வெள்ளைத் திட்டாக்கிவிடும். ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது அழகுப் பொருளல்ல. சீட்டில்லாமல் அதை விற்கும் கடையைப் பற்றி மாவட்ட மருந்து ஆய்வாளருக்கு எழுதுங்கள். படிப்பகத்தில் மனு எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே பூசி மாட்டிக்கொண்டவர்கள் வெட்கப்பட்டு வீட்டில் முடங்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. ட்யூபையும் கையோடு கொண்டு போங்கள்.

அந்த மாணவியை மறுநாள் காலை நாம்தான் அழைத்துப் போனோம். வழியில், "நேத்து அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுத்தா" என்றோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் கொடுத்தாள். மருத்துவர் அம்மா திட்டவில்லை. "எத்தனை மாசம் போட்டே?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். முழுதாக ஆறப் பல மாதம் ஆகும், இடையில் முகம் இன்னும் மோசமாகும், அப்போது பயந்து பழைய ட்யூபை எடுத்துவிடாதே என்று இரண்டு முறை சொன்னார். ஐந்து வாரம் ஆகிறது. எரிச்சல் குறைந்திருக்கிறது, சிவப்பு போகவில்லை. துப்பட்டா இன்னும் முகத்தில்தான் இருக்கிறது. ஆனால் போன ஞாயிறு அவள் வகுப்புத் தோழிகள் இரண்டு பேரைப் படிப்பகத்துக்குக் கூட்டிவந்தாள். இருவர் பையிலும் அதே ட்யூப் இருந்தது. வரும் செவ்வாய்க்கிழமை மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு போகிறோம். புறநோயாளி சீட்டு காலையிலேயே தீர்ந்துவிடும் என்பதால் ஏழு மணிப் பேருந்து.